விபசாரம் என்ற சொல் யாரைச் சுட்டுகிறது?

(ஒரு சட்டக் கல்லூரியின் தமிழ் மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'விபசாரம்' என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது மன்றத்தார் சற்றுத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் இயல்பானது. மேடையில் சொல்ல நாக்குக் கூசுகிற சொல் அது. ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் கறுப்பு அங்கி அணிந்து குடும்ப நீதிமன்றத்தில் நிற்பீர்கள். அப்போது இந்தச் சொல்லைப் பதில் மனுக்களில் படிப்பீர்கள். உங்கள் கையாலேயே எழுதவும் நேரும். எழுதுமுன் அது எங்கிருந்து வந்தது, வழியில் எதைத் தொலைத்தது, யார் தலையில் வந்து இறங்கியிருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நீதிமன்றத்திலேயே தொடங்குகிறேன். கணவனால் கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுகிறாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அதன் நான்காம் உட்பிரிவு, மணத்துக்குப் புறம்பான உறவில் 'வாழ்ந்துவரும்' மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது. எப்போதோ ஒருமுறை தவறியதாகச் சொல்வது போதாது, தொடர்ந்து அப்படி வாழ்வதாக நிரூபிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அங்கே இருக்கும் சொல் 'அடல்ட்டரி'. தமிழில் பதில் மனு எழுதும்போது அது 'விபசார வாழ்க்கை' ஆகிவிடுகிறது. தெருவில் போகிற யாரிடமாவது, "அந்தப் பெண் விபசார வாழ்க்கை நடத்துகிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். மணவாழ்வில் உண்மை தவறினாள் என்றா அவர் புரிந்துகொள்வார்? உடலை விற்றுப் பிழைக்கிறாள் என்றுதான் புரிந்துகொள்வார். சட்டம் சொல்லாத ஒரு குற்றச்சாட்டை மொழி தானாகவே அந்தப் பெண் மேல் சேர்த்துவிட்டது. சோற்றுக்குப் பணம் கேட்டு வந்தவளுக்கு அந்த அறையில் நேரும் அவமானம் சிறியதல்ல.

இந்தச் சொல்லின் பிறப்பு இவ்வளவு கேவலமானதல்ல. வடமொழியில் 'சர்' என்றால் நடத்தல், செல்லுதல். நம் அன்றாடத் தமிழில் அந்த வேரின் பிள்ளைகள் ஏராளம். நெருங்கிச் சென்று பேணுவது உபசாரம். ஊர் ஊராகத் திரிவது சஞ்சாரம். முன்னே சென்று பரப்புவது பிரசாரம். நடந்துகொள்ள வேண்டிய முறை ஆசாரம், அதில் பிசகினால் அபசாரம். உங்கள் தொழிலுக்கு உயிரான விசாரணையும் இந்தக் குடும்பம்தான். 'வி', 'அபி' என்ற இரண்டு முன்னொட்டுகள் சேர்ந்தால் வியபிசாரம்: செல்ல வேண்டிய வழியை விட்டு விலகிச் செல்லுதல். அவ்வளவுதான் பொருள். பிரசாரம் பேச்சில் 'பிரச்சாரம்' ஆனது போலவே விபசாரம் 'விபச்சாரம்' ஆயிற்று.

அந்த விலகலுக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, படுக்கையறையும் இல்லை. தருக்க நூல் படித்தவர்களுக்கு இது தெரியும். நியாய மரபில் போலி ஏதுக்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வருவது 'சவ்யபிசாரம்'. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் அது அறியத்தக்க பொருள் என்று ஒருவர் வாதிட்டால், அந்தக் காரணம் நெருப்பே இல்லாத குளத்துக்கும் பொருந்திவிடுகிறது. சேர வேண்டிய இடத்தோடு நில்லாமல் காரணம் வேறிடத்துக்கும் போய்விட்டது; அதனால் அது வழி விலகிய காரணம். அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் தரும் எடுத்துக்காட்டு இது. பகவத் கீதையில் சிறிதும் விலகாத பக்தியைக் குறிக்க இதே சொல்லின் எதிர்மறை வடிவம் வருகிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் வந்து வந்து போகும் முப்பத்து மூன்று உணர்வுகளுக்கு 'வியபிசாரி பாவங்கள்' என்று பெயர். ஐயம், பொறாமை, களைப்பு, நாணம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சென்னையில் பரதம் பயிலும் ஒரு சிறுமி இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதற்கு 'சஞ்சாரி பாவம்' என்ற இன்னொரு பெயரும் இருப்பதால், ஆசிரியர்கள் பெரும்பாலும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். மற்றதைக் குழந்தைகளிடம் சொல்லக் கூச்சம்.

ஆக, தருக்கத்திலும் பக்தியிலும் நாட்டியத்திலும் கௌரவமாக இருந்த ஒரு சொல் திருமணத்துக்குள் வந்தபோது என்ன ஆயிற்று? தர்ம சாஸ்திரங்கள் கணவனை விட்டு விலகும் மனைவியைச் சொல்ல அதைப் பயன்படுத்தின. மனைவியை விட்டு விலகும் கணவனைப் பற்றி அவற்றுக்கு அதே அக்கறை இல்லை. மனு வகுக்கும் பதினெட்டு வழக்கு வகைகளில் ஒன்று 'ஸ்திரீ சங்கிரகணம்'. பெண்ணைப் பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். அதாவது வழக்கு இரண்டு ஆண்களுக்கு இடையே. பெண் அங்கே பற்றப்பட்ட பொருள்.

இதை வைத்து இந்திய மரபை மட்டும் குறைசொல்ல இடமில்லை. ரோமாபுரியில் கி.மு. 18ஆம் ஆண்டை ஒட்டி அகஸ்டஸ் பேரரசர் கொண்டுவந்த ஜூலியன் சட்டத்திலும், மணமான பெண் சம்பந்தப்பட்டிருந்தால்தான் அது குற்றம். மணமான ஆண் அடிமைப் பெண்ணிடமோ பரத்தையிடமோ போனால் அந்தச் சட்டம் தொடாது. 'அடல்ட்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் தாய் அந்தச் சட்டம் பயன்படுத்திய லத்தீன் சொல்தான். அதற்கும் வயது வந்தவரைக் குறிக்கும் 'அடல்ட்' என்ற சொல்லுக்கும் உறவில்லை. கெடுத்தல், கலந்து மாசுபடுத்தல் என்ற பொருளில் பிறந்தது. பாலில் தண்ணீர் கலப்பதைக் குறிக்கும் 'அடல்டரேஷன்' அதன் உடன்பிறப்பு. எதில் கலப்படம் என்று கேட்டால், வம்சத்தில் என்பதுதான் அந்தக் காலத்து விடை. சொத்து யாருக்குப் போகிறது என்ற கவலை அந்தச் சொல்லின் அடியில் கிடக்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். இங்கே நான் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளின் பதினைந்தாம் அதிகாரம் 'பிறனில் விழையாமை'. ஒழுக்கமுடைமைக்கும் பொறையுடைமைக்கும் நடுவில், இல்லறவியலில் வைத்திருக்கிறார் வள்ளுவர். பத்துக் குறளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பத்தும் ஆணை நோக்கியவை. பேதைமை அவனுடையது, பழி அவனுடையது, பகையும் பாவமும் அச்சமும் அவனை விட்டு நீங்கா. அந்த ஆசையை அடக்குவதைத்தான் 'பேராண்மை' என்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வசைச் சொல்கூட அந்த அதிகாரத்தில் இல்லை. 'பிறன் இல்' என்று சொல்லும்போது பெண்ணை ஒருவனுக்கு உரியவளாகவே அவரும் காண்கிறார்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றவாளி யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பொருள் கொடுத்துப் பெறும் உறவைப் பற்றி வள்ளுவர் தனியாகப் பேசுகிறார். அது தொண்ணூற்றிரண்டாம் அதிகாரம், 'வரைவின் மகளிர்', பொருட்பாலில் இருக்கிறது. அங்கே அவர் அந்தப் பெண்களிடம் கடுமையாகவே நடந்துகொள்கிறார், அது வேறு வாதம். நான் சொல்ல வருவது, இந்த இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்று அறத்துப்பாலில், மற்றது பொருட்பாலில். இடையே எழுபத்தாறு அதிகாரங்கள். இன்றைய தமிழ் அந்த இரண்டையும் இழுத்து வந்து 'விபசாரம்' என்ற ஒரே கூரையின் கீழ் போட்டுவிட்டது. இன்று நான் இங்கே நிற்பதே இந்தக் குழப்பத்தைச் சொல்லத்தான்.

வள்ளுவர் இன்னொன்றும் செய்கிறார். காமத்துப்பாலில் 'புலவி நுணுக்கம்' என்ற அதிகாரத்தின் முதல் குறளில், ஊடிய மனைவி தன் கணவனை 'பரத்தன்' என்ற பெயரால் அழைக்கிறாள். பரத்தை என்ற சொல் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு இணையான ஆண்பால் சொல் தமிழில் இருந்தது, ஒரு மனைவி தன் வீட்டுக்குள் நின்று கணவனை அப்படி அழைத்தாள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அந்த ஆண்பால் சொல் செத்துப் போயிற்று. பெண்பால் சொல் பாடப்புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது.

சங்க இலக்கியத்தின் மருதத் திணையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரத்தையிடம் போய்த் திரும்பும் தலைவன், கதவடைக்கும் தலைவி, தூது வரும் பாணன். அந்த மரபு ஆணின் பிழையை ஏற்றுக்கொண்டு அழகுபடுத்திய மரபுதான். ஆயினும் அகநானூற்றின் 256ஆம் பாடல் என்னை விடாமல் இழுக்கிறது. வாசலில் நிற்கும் தலைவனைத் தோழி உள்ளே விட மறுக்கிறாள். மறுக்கும்போது கள்ளூரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறாள். ஓர் இளம்பெண்ணோடு கூடியவன், அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்தான். ஊர் அவை சாட்சிகளிடம் கேட்டு உண்மை அறிந்தது. அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டினார்கள், ஊரே ஆரவாரித்தது. அன்று எழுந்த அந்த ஆரவாரத்தைவிட இன்று உன்னைப் பற்றிய அலர் என்னும் ஊர்ப்பேச்சு பெரிது என்று தோழி முடிக்கிறாள். சட்டம் படிக்கும் நீங்கள் இந்தப் பாடலை அவசியம் தேடிப் படிக்க வேண்டும். சாட்சி இருக்கிறது, விசாரணை இருக்கிறது, தண்டனை இருக்கிறது. தண்டிக்கப்பட்டவன் ஆண்.

தொல்காப்பியமும் இதே திசையில்தான் பேசுகிறது. திருமணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்குக் கற்பியலில் தொல்காப்பியர் காட்டும் காரணம், பொய்யும் வழுவும் தலைகாட்டியதுதான். கூடிவிட்டு இல்லையென்பது பொய். கைவிட்டுப் போவது வழு. சாட்சி வைத்து மணம் முடிக்கும் வழக்கமே நம்பிக்கைத் துரோகத்திலிருந்து பிறந்தது என்று நமக்குக் கிடைத்துள்ள முதல் இலக்கண நூல் நினைக்கிறது. அதற்கு முந்தைய நிலையான 'களவு', அங்கே கறைபட்ட சொல்லே அல்ல. களவியல் என்று ஒரு முழு இயலே உண்டு. இன்றைக்குச் செய்தித்தாளில் வரும் 'கள்ளக்காதல்' அந்தக் களவின் பேத்தி. பாட்டி பெருமையோடு வாழ்ந்தாள். பேத்தியைக் கொலைச் செய்தியின் தலைப்பில் மட்டும்தான் பார்க்கிறோம்.

சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை. கொடுத்து வாங்கியவன் கோவலன். மதுரைக்கு வந்து கடைசி உணவு உண்ட பிறகு கண்ணகி அவனிடம் மிக மெல்லச் சொல்கிறாள்: நீங்கள் நடந்துகொண்டது பெரியோர் போற்றும் ஒழுக்கமல்ல. அவனுடைய செயலுக்கு அவன் முன்னால் நின்று பெயர் வைத்தவள் அவள். மாதவிக்கோ எத்தனையோ பெயர்கள் கிடைத்துவிட்டன.

கிறித்தவ விவிலியம் தமிழுக்கு வந்தபோது, பத்துக் கட்டளைகளில் மண உறவில் உண்மை தவறாதே என்னும் கட்டளைக்கு 'விபசாரம்' என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். நல்ல தேர்வு என்றே சொல்வேன்; ஏனென்றால் விலைக்கு விற்கும் உறவுக்கு 'வேசித்தனம்' என்று வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் தேவாலயம் செல்லும் தமிழர்களிடம் இன்றும் விபசாரம் ஆண் பெண் இருவருக்கும் பொதுவான பாவமாக ஓரளவு நிலைத்திருக்கிறது. யோவான் நற்செய்தியில் கையும் களவுமாகப் பிடிபட்டதாக இயேசுவின் முன் நிறுத்தப்படுவது ஒரு பெண் மட்டுமே. மோசேயின் சட்டமோ இருவருக்கும் தண்டனை சொல்கிறது. அந்த ஆணை ஏன் கொண்டுவரவில்லை என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

பிறகு வெள்ளைக்காரர் சட்டம். மெக்காலே 1837இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவில் இந்தக் குற்றம் இல்லவே இல்லை. இந்நாட்டுப் பெண்கள் குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்படுகிறார்கள், இளமையிலேயே வேறு மனைவியருக்காக ஒதுக்கப்படுகிறார்கள், அப்படிப்பட்ட நிலையில் அவர்களைத் தண்டிக்க மனம் ஒப்பவில்லை என்ற கருத்தை அவர் பதிவு செய்தார். பின்னால் வந்த சட்ட ஆணையர்கள் குற்றத்தைச் சேர்த்தார்கள். அதே காரணம் காட்டி மனைவிக்கு விலக்கும் கொடுத்தார்கள். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 497ஆம் பிரிவின்படி, இன்னொருவன் மனைவியோடு அவனுடைய சம்மதமில்லாமல் உறவுகொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை. சம்மதமில்லாமல் என்றால் யாருடைய சம்மதம்? கணவனுடையது. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. மணமாகாத பெண்ணிடமோ கைம்பெண்ணிடமோ அந்த ஆண் போனால் குற்றமில்லை. அவனுடைய சொந்த மனைவி புகார் கொடுக்க வழியில்லை. ரோமாபுரிச் சட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே நம் வீட்டுக்குள் வந்து நின்றது.

இந்தப் பிரிவை எதிர்த்து 1954இல் யூசுப் அப்துல் அஜீஸ் வழக்கும் 1985இல் சௌமித்ரி விஷ்ணு வழக்கும் உச்ச நீதிமன்றம் சென்றன. இரண்டிலும் பிரிவு தப்பியது. இடையில் 1971இல் சட்ட ஆணையத்தின் 42ஆவது அறிக்கை, மனைவியையும் தண்டிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தில் இருந்த ஒரு பெண்மணி உடன்படவில்லை. இந்தக் குற்றமே இன்று பெண்ணுக்குள்ள நிலையோடு ஒத்துப்போகிறதா என்று சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று எழுதினார். அவர் அன்னா சாண்டி, இந்தியாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி. அவர் கேட்டதற்கு விடை வர நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பிரிவை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீக்கினார்கள். கணவன் மனைவிக்கு எசமானன் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1985இல் பிரிவைக் காத்த தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், 2018இல் அதை மறுத்து எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு, இருபாலாரையும் தண்டிக்கும் வகையில் குற்றத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. விவாகரத்துக்கு அது காரணமாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் அந்த உரிமை கணவன் மனைவி இருவருக்கும் சமமாக உண்டு.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. மொழி வரவில்லை. அதுதான் என் மனக்குறை.

1956இல் வந்த மத்தியச் சட்டம், பெண்களைக் கடத்தி விற்பதைத் தடுக்க வந்தது. அதைத் தமிழில் 'விபசாரத் தடுப்புச் சட்டம்' என்றார்கள். காவல்துறையிலும் 'விபசாரத் தடுப்புப் பிரிவு' வந்தது. அந்த நாள் தொட்டு நாளிதழ் வழியாக இந்தச் சொல் ஏழைப் பெண் ஒருத்தியின் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. "விபசார அழகிகள் கைது" என்ற தலைப்பை நம் தலைமுறையினர் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பணம் கொடுத்து வந்த ஆணுக்கு அந்தத் தலைப்பில் ஒரு பெயரும் இல்லை. இத்தனைக்கும் அந்தச் சட்டத்தின் இலக்கு தரகரும் விடுதி நடத்துவோரும் கடத்துவோரும்தான்.

பேச்சு வழக்கைப் பாருங்கள். ஒரு பெண் தவறினால் 'சோரம் போனாள்'. சோரன் என்றால் திருடன். ஆனால் 'சோரம் போனான்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடுகாலி, அவிசாரி என்று பெண்ணுக்குச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. ஆணைச் சொல்லும்போது, "அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கிறது", "சின்ன வீடு வைத்திருக்கிறான்" என்கிறோம். வீடு, தொடுப்பு. அந்தச் சொற்கள் காயப்படுத்துவதில்லை. வசை வேண்டும்போது அது மறுபடியும் 'வைப்பாட்டி' என்று பெண்ணிடமே போகிறது. பத்திரிகைகள் சில இப்போது 'கூடா ஒழுக்கம்' என்று எழுதுகின்றன. குறளில் அந்தத் தலைப்பு துறவறவியலில் இருக்கிறது. வேடமிட்ட துறவிகளைப் பற்றியது. அதையும் கொண்டுவந்து குடும்பப் பெண் மேல் போடுகிறோம்.

நம் எழுத்தாளர்கள் இதை நமக்கு முன்பே உணர்ந்தார்கள். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' கதையில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். தி. ஜானகிராமன் 1966இல் வந்த 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரத்தம்மாளை எந்தப் பெயராலும் சுடாமல், ஒரு முழு மனுஷியாக நிறுத்தினார். பேர் சூட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்ற பொறுமை அவருக்கு இருந்தது.

மண உறவில் உண்மை தவறுவது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அது குடும்பத்தை நொறுக்கும். பிள்ளைகள் அதை ஆயுள் முழுதும் சுமப்பார்கள். அதனால்தான் அதற்குச் சரியான சொல் வேண்டும் என்கிறேன். நம் ஜனங்களிடம் அந்தச் சொல் இருக்கிறது: துரோகம். "எனக்குத் துரோகம் பண்ணிட்டான்" என்கிறாள் மனைவி. "துரோகம் பண்ணிட்டா" என்கிறான் கணவன். இருவர் வாயிலும் ஒரே எடை. வலி யாருடையது, நம்பிக்கையை முறித்தது யார் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. யாருடைய உடலையும் அது விலை பேசவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களிடம் மூத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். நாளை ஜீவனாம்ச வழக்கில் கணவனுக்காக நீங்கள் ஆஜராகலாம். அது உங்கள் தொழில். அப்போதும் அந்தப் பதில் மனுவில் 'விபசார வாழ்க்கை' என்று எழுதாதீர்கள். 'மணத்துக்குப் புறம்பான உறவில் வாழ்ந்து வருகிறார்' என்று எழுதுங்கள், சட்டம் கேட்பது அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அப்படி எழுதினால் எழுந்து நின்று ஆட்சேபியுங்கள். இங்கே வந்திருக்கும் பத்திரிகை நண்பர்களும் கொலைச் செய்தியில் 'கள்ளக்காதல்' என்ற தலைப்பை விட்டுவிட்டு, கொன்றவன் யார், கொல்லப்பட்டவர் யார் என்று எழுதுங்கள். அரசின் ஆட்சிச்சொல் அகராதி அடுத்த முறை திருத்தப்படும்போது இந்த இரண்டு பொருளையும் பிரித்து இரண்டு சொல்லாகப் போட வேண்டும் என்று உங்கள் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்புமானால், இந்த மாலை வந்ததற்கு நான் மனநிறைவோடு ஊர் திரும்புவேன்.